‘பிரித்தறிதல்’ வேண்டாம், ‘விலக்கு’ போதும்: உலோகங்காட்டிச் சொற்கள் குறித்து

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். நகையும் காசும் தேடுவதற்கு உலோகங்காட்டி (மெட்டல் டிடெக்டர்) வாங்குவோருக்காக நம் குழுமம் உருவாக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில் சில சொற்கள் முடிவாகாமல் நிற்கின்றன. இராமநாதபுரம் கடற்கரையில் அக்கருவியைக் கையில் பிடித்து நடந்து ஏமாந்தவன் என்ற முறையில் என் கருத்தை எழுதுகிறேன்.

கருவியின் பெயரில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. ‘உணரி’யைச் சென்சாருக்குக் கொடுத்துவிட்டோம் என்பதால் ‘உலோக உணரி’ குழப்பும். திசைகாட்டி, வழிகாட்டி என்ற வரிசையில் ‘உலோகங்காட்டி’ இயல்பாக நிற்கிறது. ஆனால் விளம்பரங்களைப் பின்பற்றி முன்மொழியப்பட்ட ‘புதையல்தேடி’யை ஏற்கவே கூடாது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே, கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். உரோமானியக் காசுகள் கிடைத்த அழகன்குளம் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. நேற்றுத் தவறவிட்ட மோதிரத்தைத் தேடப் போகிறவர் கையில் இப்படியொரு பெயரைக் கொடுத்தால், அவர் அடுத்து எந்த ஊருக்குக் கிளம்புவார் என்பது எங்களுக்குத் தெரியும்.

இனி, வேண்டாத உலோகத்துக்குக் கருவி ஒலிக்காதபடி செய்யும் ‘டிஸ்கிரிமினேஷன்’ என்ற அமைப்புக்கு வருகிறேன். ‘பாகுபாடு’ சமூகப் பொருளில் ஊறிய சொல்லாகையால் அதை விட்டுவிடலாம். காரைக்குடி ஐயா முன்வைத்த ‘மாற்றறிதல்’ கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் மாற்றை, அதாவது பொன்னின் தூய்மையை, அறிவது உரைகல்லின் வேலை. பெரும்பாலோர் ஆதரிக்கும் ‘பிரித்தறிதல்’தான் என் கவலைக்குக் காரணம், ஏனெனில் கருவி எதையும் அறிவதில்லை. நிலத்தின் மேல் வீசும் தட்டுக்குள் இருக்கும் கம்பிச் சுருள் மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அப்புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அது திருப்பி அனுப்பும் குறிகை எவ்வளவு வலிமையுடன், எவ்வளவு பிந்தி வருகிறது என்பதை மட்டுமே கருவி அளந்து, திரையில் ஓர் எண்ணாகக் காட்டுகிறது. அந்த அளவு உலோகத்தின் கடத்துதிறனை மட்டுமன்றி, அதன் பருமனையும் வடிவத்தையும் பொறுத்தது. ஆகவே வெள்ளிக் காசும் செம்புக் காசும் பெரிய எண்ணைக் காட்ட, மெல்லிய தங்க மோதிரமும் சிகரெட் பெட்டியின் அலுமினியத் தாளும் ஏறத்தாழ ஒரே சிறிய எண்ணில் வந்து விழுகின்றன. அதே மோதிரம் வளையம் அறுந்து கிடந்தால், மின்னோட்டம் சுற்றிவர வழியில்லாமல் எண் இன்னும் இறங்கிவிடும். மெல்லிய சங்கிலியோ கருவிக்குச் சங்கிலியாகவே தெரியாது. தனித்தனிக் கண்ணிகளாகத்தான் தெரியும்.

சென்ற வைகாசியில் அரியமான் கடற்கரையில் குளித்துக் கரையேறிய என் தங்கை மகளுக்கு ஒரு காதில் கம்மல் இல்லை. இரவல் வாங்கிய கருவியில் ‘குப்பையைப் பிரித்தறியும்’ அமைப்பை இட்டுக்கொண்டு, அவள் உட்கார்ந்திருந்த இடத்தை மூன்று முறை சுற்றினேன்; கருவி வாயே திறக்கவில்லை. மறுநாள் காலை அவ்வமைப்பை நீக்கிவிட்டு நடந்தபோது 11 என்ற எண் ஆறு இடங்களில் வந்தது. ஆறையும் தோண்டினேன்; ஐந்தில் கசங்கிய அலுமினியத் தாளும் ஒன்றில் கம்மலின் திருகாணியும் இருந்தன. முந்தைய நாள் மூன்று முறையும் தட்டு அதன் மேலேயே போயிருக்கிறது. கம்மல் இன்றுவரை கிடைக்கவில்லை.

எங்கள் இறங்குதளங்களில் வலையைக் கொட்டியதும் விலைபோகாத பொடிமீனைச் சங்காயம் என்று தனியே ஒதுக்குவார்கள். கோழித் தீவனத்துக்குப் போகும் அந்தக் குவியலில் நல்ல மீனின் குஞ்சுகளும் கிடக்கும் என்பது ஒதுக்குகிறவருக்கே தெரியும், ஆனாலும் ஒதுக்குவார். கருவி செய்வதும் அதுதான்: ஓர் எண் வரம்பைக் குறித்து, அதற்குள் வருவது எதுவானாலும் ஒலிக்காதே என்கிறோம். எனவே இந்த ஏற்பாட்டுக்கு ‘விலக்கு’ என்றும், குறித்த எண்களுக்கு ‘விலக்கு வரம்பு’ என்றும் பெயரிடலாம். ‘கழித்தல்’ கணக்குப் பாடத்துக்குப் போய்விட்டது. ‘ஒதுக்கீடு’ வேறெங்கோ போய்விட்டது. ‘இரும்பு விலக்கை இட்டேன்’ என்று சொல்கிறவருக்குத் தாம் எதையோ விட்டுக்கொடுக்கிறோம் என்ற நினைவு இருக்கும். இருந்தாக வேண்டும்: இன்றைய ஒரு ரூபாய்க் காசு காந்தத்தில் ஒட்டும் துருவேறா எஃகால் ஆனது. அக்கினி தீர்த்தக் கரையில் காசு தேடுகிறவர் இரும்பை விலக்கினால், அந்த ரூபாயும் அதோடு விலக வாய்ப்புண்டு.

அடுத்தது, திரையில் தோன்றும் எண். ‘இலக்கு அடையாள எண்’ என்ற முன்மொழிவை மறுக்கிறேன். அடையாளம் என்றால் ஆளைச் சொல்ல வேண்டும், இது முகச்சாயலை மட்டுமே சொல்கிறது. ‘சாயலெண்’ என்று வைக்கலாம். நான் சாயல்குடிக்காரன் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ‘இந்த மோதிரமும் அந்தத் தாளும் ஒரே சாயலெண்’ என்றால் வாங்குகிறவருக்கு விளக்கமே தேவைப்படாது. ‘ஒரே அடையாள எண்’ என்றால் கருவி பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவார்.

கருவி வகைகளுக்கான ‘துடிப்புத் தூண்டல்’ (விட்டுவிட்டு மின்துடிப்பு அனுப்புவது), ‘ஓரதிர்வெண்’, ‘பல்லதிர்வெண்’ ஆகிய பெயர்களை அப்படியே ஏற்கிறேன். விளக்கக் குறிப்பில் மட்டும் சில வரிகள் சேர்க்க வேண்டும். சிறு தங்கத்துக்கு உயர்ந்த அதிர்வெண் ஏற்றது என்று படித்துவிட்டு ஓரதிர்வெண் கருவியை வாங்குகிறவர், காய்ந்த மணலில் மகிழ்ந்து, அலை நனைத்த மணலில் கால் வைத்ததும் திகைப்பார். உப்புநீரும் மின்சாரத்தைக் கடத்துவதால் தட்டு ஓயாமல் புலம்பும். அங்கே பல்லதிர்வெண் கருவியே எளிது. துடிப்புத் தூண்டல் கருவி உப்பையும் பொருட்படுத்தாது, ஆழமாகவும் தேடும்; ஆனால் அதில் நம்பத்தக்க விலக்கு கிடையாது என்பதால், துருப்பிடித்த படகாணி அத்தனையையும் தோண்ட நேரிடும். கம்மலும் மூக்குத்தியும் தேடுகிறவர் சிறிய தட்டையே கேட்டு வாங்கட்டும். பெரிய தட்டு ஆழம் போகும், ஆனால் பொடிப்பொருளைத் தவறவிடும்.

எனக்கே முடிவு எட்டாத சொல் ‘மண்சமன்’. மண்ணில் உள்ள இரும்புக் கனிமத்தின் குறுக்கீட்டை அடக்கும் திருகுக்கு அது பொருந்துகிறது. ஈரமணலில் குறுக்கிடுவதோ உப்பு. அது காந்தத்தன்மையால் வருவதன்று, கடத்துதிறனால் வருவது. இரண்டுக்கும் பொதுவாக ‘நிலச்சமன்’ என்பதா, ‘மண்சமன்’, ‘உப்புச்சமன்’ என்று பிரித்தே வைப்பதா? நான் பிரித்து வைக்கும் பக்கம் சாய்கிறேன். தேரிச் செம்மண்ணிலும் கடலோரத்திலும் கருவியை ஓட்டிப் பார்த்திருக்கும் தூத்துக்குடி ஐயா, இரண்டையும் ஒரே திருகால் அடக்க முடிந்ததா என்று எழுதினால், அதையொட்டிப் பட்டியலைத் திருத்தி அனுப்புகிறேன்.