ஷெப்பர்டுக்கு வயிறு சரியாகவே மாட்டேன் என்கிறது, யாராவது சொல்லுங்களேன்

எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு மூன்று வயது, 34 கிலோ. ஒரு மாதமாக வயிறு சரியில்லை. காலையில் கெட்டியாகத்தான் போகிறான். மாலைக்குள் கூழாகி, மேலே சளி மாதிரி வழவழப்பு. தயிர்சாதத்தை நிறுத்திவிட்டு, தோல் நீக்கிய கோழியும் குழைந்த சோறும் கொடுக்கிறோம். நான்கு நாள் நன்றாக இருக்கும், அப்புறம் பழைய கதை. (அம்மா ரகசியமாக பிஸ்கட் போடுவது தனி வழக்கு.) பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, மலப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. இந்த இனத்தில் கணையம் சரியாகச் சுரக்காத கோளாறு அதிகம் என்பதால், அதைக் கண்டறியும் டிஎல்ஐ ரத்தப் பரிசோதனைக்கு டாக்டர் எழுதியிருக்கிறார். ஆனால் இவனுக்கு எடை குறையவில்லை, பசியும் எப்போதும்போலத்தான். கோழிதான் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று எனக்குச் சந்தேகம். கோழியை விட்டு மீனுக்கு மாற்றிப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை நாளில் வித்தியாசம் தெரிந்தது?