பார்சர் மாற்றிய கதை: கமென்ட்டெல்லாம் போன பிறகு

கோத்தகிரியிலிருந்து:
இங்கே ஒரு தேயிலை ஃபாக்டரிக்குப் பைத்தானில் வெப்பநிலை பதியும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். விதரிங் ட்ரஃப் (கொழுந்தை வாட்டும் தொட்டி), டிரையர் எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை அளவுகள் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் (தகவலைக் குறிச்சொற்களுக்குள் வைக்கும் உரைக்கோப்பு) இருந்தன. அதைப் பகுத்துப் படிக்கும் பார்சராக எலிமென்ட்ட்ரீ என்ற நூலகத்தை எடுத்தேன். பைத்தான் 2.5 முதல் கூடவே வருவது, தனியாக எதுவும் நிறுவ வேண்டாம்.

அங்கிருக்கும் டீ மேக்கர் ஐயா அந்தக் கோப்பிலேயே தமிழில் கமென்ட் (புரோகிராமுக்கு அல்ல, படிக்கும் மனிதருக்கான குறிப்பு) எழுதி வைப்பார். "ஐப்பசி மழைக் கொழுந்து ஈரமாக வரும், சூடான காற்றைக் கூட்டி விடவும்" என்பது மாதிரி. பல வருட அனுபவம் அது. அளவை மாற்ற ஒரு திரை வேண்டும் என்றார்கள், செய்து கொடுத்தேன். ஒரு எண்ணை மாற்றிச் சேமித்ததும் கமென்ட் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ட்ரஃப்களுக்கு வைத்திருந்த தமிழ்ப் பெயர்களும் வ என்பது போன்ற எண்களாகிவிட்டன.

எண்கள் வந்த காரணம் எளிது. சேமிக்கும்போது என்கோடிங் (எழுத்துகளைக் கோப்பில் பதியும் முறை) சொல்லாவிட்டால் எலிமென்ட்ட்ரீ, தமிழ் எழுத்தே இல்லாத ஆஸ்கியில்தான் எழுதும். புரோகிராம் அதைத் திரும்பச் சரியாகவே படிக்கும், மனிதரால்தான் முடியாது. யூடிஎஃப்-8 என்று கொடுத்ததும் தமிழ் வந்துவிட்டது. கமென்ட் அப்படி இல்லை. படிக்கும்போதே விட்டுவிடுகிறது, பிறகு எங்கிருந்து எழுதும்? ஐயாவிடம் சொல்லவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

குன்னூரிலிருந்து:
அண்ணா, பைத்தான் 3.8 முதல் எலிமென்ட்ட்ரீயின் ட்ரீபில்டரில் (படித்ததை மரமாக அடுக்கும் பகுதி) கமென்ட்டைச் சேர்த்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஆனால் ரூட் எலிமென்ட்டுக்கு (மற்ற எல்லாவற்றையும் உள்ளடக்கும் முதல் குறிச்சொல்) வெளியே இருப்பது அப்போதும் வராது. கோப்பின் தலையில்தானே முக்கியமான குறிப்பை எழுதுவார்கள்! அதனால் நான் எல்எக்ஸ்எம்எல் என்ற வேறொரு பார்சருக்கு மாறிவிட்டேன். அது லிப்எக்ஸ்எம்எல்2 என்ற சி நூலகத்தின் மேல் கட்டியது, மேலே இருக்கும் கமென்ட்டையும் பத்திரமாக வைக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: கமென்ட்டும் எலிமென்ட்டுகளோடு சேர்ந்து பிள்ளை நோடாகவே வரும். ஆனால் அதன் டேக் (பெயர்) எலிமென்ட்டுகளுடையதைப் போல எழுத்துச் சரமாக இருக்காது. என் லூப் அங்கேதான் நின்றது, எலிமென்ட்டுகளை மட்டும் வடிகட்டிய பிறகு ஓடியது.

கூடலூரிலிருந்து:
என் புரோகிராம் படிக்க மட்டும்தான் செய்கிறது, எலிமென்ட்ட்ரீயே போதும். ஆனால் வெளியாட்கள் அனுப்பும் கோப்பு என்றால் டிஃப்யூஸ்ட்எக்ஸ்எம்எல் என்ற பாதுகாப்பு நூலகம் வழியாகத்தான் திறப்பேன். என்டிட்டிக்குள் (படிக்கும்போது வேறு உரையாக விரியும் சுருக்கப் பெயர்) என்டிட்டி வைத்து, சின்னக் கோப்பை நினைவகம் நிரம்பும்வரை விரியவைக்க முடியும்.

கோத்தகிரியிலிருந்து:
நன்றி தம்பி, எல்எக்ஸ்எம்எல்லே வைத்துவிட்டேன். வேகத்தை ஒப்பிட்டுப் பார்க்கவே இல்லை. இருநூறு வரிக் கோப்புக்கு அது எதற்கு? திரும்ப எழுதப் போகிறோமா என்பதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். இப்போது சேமிக்கும் முன் பழைய கோப்பை நகலெடுத்தும் வைக்கிறது. நேற்று சாயங்காலம் ஐயா தன் நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, கமென்ட் முழுவதையும் நானே திரும்பத் தட்டச்சு செய்தேன். ஐப்பசிக் குறிப்பை முதலில் சொன்னார்.