ஜீனோம் சைஸ்: 'மரபுப் பருமன்' பொருந்துமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

'ஜீனோம் சைஸ்' என்பது ஓர் உயிரியின் ஒரு தொகுதி நிறமூர்த்தங்களில் (குரோமோசோம்களில்) உள்ள டி.என்.ஏ.யின் மொத்த அளவு. அதற்குத் தமிழில் 'மரபணு அளவு' போதும் என்று நம் கலைச்சொல் உரையாடலில் மதுரை ஐயா எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவன் நான். அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதினால், பிள்ளைகள் மரபணுக்களின் எண்ணிக்கை என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். எந்தக் குழப்பத்தைத் தீர்க்க வந்தோமோ, அதையே சொல் கூட்டிவிடுகிறது.

எங்கள் இலங்கை மலையகத்தில் நிற்கிற மரங்களையே பாருங்கள். பண்டாரவளைப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலை அடுப்புக்காக நட்ட யூக்கலிப்டஸ். கண்டிப் பக்கம் வீட்டுத் தோட்டத்துக் கராம்பு. இரண்டும் நாவல் குடும்பம். இரண்டிலும் நிறமூர்த்தங்கள் 22. ஆனால் யூக்கலிப்டஸ் கிராண்டிஸ் இனத்துக்கு ஏறத்தாழ 64 கோடி மூலச் சோடிகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்), கராம்புக்கு 40 கோடிக்கு அக்கம்பக்கம். அப்புறம் தேயிலைக்கு வந்தால் 300 கோடி! மனிதனுக்கும் அதே அளவுதான். தேயிலையின் அந்த 300 கோடியில் பாதிக்கு மேல் மரபணுவே அல்ல. தன்னைத் தானே படியெடுத்து இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும் துண்டுகளும் திரும்பத் திரும்ப வரும் பிற மீள்வரிசைகளும்தான். மக்காச்சோளத்தில் பார்பரா மக்லின்டொக் கண்டுபிடித்து, 1983இல் நோபல் பரிசு பெற்றது இத்தகைய தாவும் துண்டுகளுக்காகத்தான்.

என் அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், தராசில் போடும்போது தண்டு, முற்றல் இலை, மழை ஈரம் எல்லாம் சேர்ந்துதான் நிறுபடும். கூடை கனத்தால் நல்ல கொழுந்து கூடுதல் என்று அர்த்தமில்லை. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்; அவர்கள் வீட்டுக் கதை அது. ஆகவே 'மரபணு' என்ற சொல் இந்தக் கலைச்சொல்லுக்குள் வரவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். 'மரபு' போதும்.

அடுத்த பாதியான 'சைஸ்' என்பதற்கு ஹட்டன் டீச்சர் 'நிறை' என்றார். 'மரபு நிறை' காதுக்கு அழகாகத்தான் இருக்கிறது. பிக்கோகிராமில் (கிராமில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) சொல்கிற கணக்கு என்பதால் பொருளும் பொருந்துகிறது. ஆனால் எங்கள் பாடநூலில் 'நிறை' என்றால் ஈர்ப்பு விசை; இங்கே திணிவு என்று சொல்வதைத்தான் தமிழகத்தில் நிறை என்கிறார்கள். கடலின் இரு கரையிலும் இரண்டு பொருள் தரும் சொல்லைத் தெரிந்துகொண்டே எடுப்பது சரியல்ல. 'மரபுச் சுமை' என்ற யோசனையையும் விட்டுவிடலாம். தீங்கான மரபுப் பிறழ்வுகள் ஓர் உயிரினக் கூட்டத்தில் (குடித்தொகையில்) சேர்ந்து கிடப்பதற்கு அது வேண்டியிருக்கும்.

நான் முன்வைப்பது 'மரபுப் பருமன்'. விசையின் பருமன் என்று எங்கள் பிள்ளைகள் ஏற்கனவே படிக்கிறார்கள். அடிமரத்தின் பருமன் என்றால் யாருக்கும் விளங்கும். தமிழகத்தில் உடற்பருமன் நினைவுக்கு வரும் என்று ஒருவர் தயங்கினார். வரட்டுமே. தேவைக்கு மேல் சேர்ந்தது என்ற நிழல் இங்கே பொருளுக்குத் துணையாகவே நிற்கிறது.

ஒரு கலைச்சொல் நல்லதா என்று பார்க்க, அதிலிருந்து வினை பிறக்கிறதா என்று பார்ப்பேன். 'அளவு' அசையாத சொல். 'பருமன்' அப்படியல்ல: மரபு பருக்கும், மெலியும். தாவும் துண்டுகள் பெருகினால் பருத்தல்; மீள்வரிசைகள் அறுந்து கழிந்தால் மெலிதல். முழுத் தொகுதியுமே இரட்டித்தால் அது வேறு வழி, அதற்குப் பன்மடியம் என்ற சொல் கையில் இருக்கிறது. 1950இல் ஹியூசன் ஸ்விப்ட் 'சி' என்ற எழுத்தால் குறித்ததை 'ஒருமடியப் பருமன்' எனலாம். உயிரியின் அமைப்புச் சிக்கலுக்கும் அதன் மரபுப் பருமனுக்கும் தொடர்பில்லாமல் போகும் அந்தப் பழைய முரண், 'பருமன் புதிர்'.

வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். "குங்கிலியம் தரும் மரக் குடும்பத்தில் ஒருமடியப் பருமன் ஒரு பிக்கோகிராமுக்கும் குறைவு. ஷோரியா சாதியில் (பேரினத்தில்) நிறமூர்த்தங்கள் பொதுவாக 14, எங்கள் ஹொர மரம் சேர்ந்த டிப்டெரோகார்ப்பஸ் சாதியில் 22. எண்ணிக்கை மாறியும் மரபு பெரிதாகப் பருக்கவில்லை." தடுமாறாமல் வாசிக்க முடிகிறது. இதே குடும்பத்து ஸ்டெமோனோபோரஸ் சாதி இலங்கைக்கு வெளியே இயற்கையாக எங்கும் இல்லை. சிவனொளிபாதமலைச் சரிவுகளில் அதன் சில இனங்கள் நிற்கின்றன. அந்த மரங்களைப் பற்றித் தமிழிலேயே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதப்பட வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். அதற்குத்தான் இவ்வளவு பாடும்.

அளக்கும் முறைக்கும் சொற்கள் தேவை. இளம் இலையைச் சவர அலகால் பொடியாக நறுக்கி, கலங்களின் (செல்களின்) கருக்களைக் கரைசலில் பிரித்து, சாயமேற்றி, ஒளிக்கற்றை முன் ஒவ்வொன்றாக ஓடவிடுகிறார்கள். பருமன் தெரிந்த பட்டாணியோ தக்காளியோ ஒப்பீட்டுக்கு உடன் ஓடும். தேயிலையில் இது சிரமம். சாயத் தண்ணிக்கு (பால் சேர்க்காத தேநீருக்கு) நிறமும் துவர்ப்பும் தரும் பொலிபீனோல்களே ஆய்வுச் சாயம் கருவில் ஒழுங்காகப் பிடிக்க விடாமல் குறுக்கே நிற்கும். 'ஃப்ளோ சைட்டோமீட்டர்' என்ற இந்தக் கருவிக்கு 'ஓட்டக் கலமானி' என்று எழுதி வைத்திருக்கிறேன். அதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை, இங்கே ஓடுவது கலமல்ல, கரு.

டீச்சர், 'மெலிதல்' நோயாளியை நினைவூட்டுகிறதா? 'சுருங்கல்' மேலா? 'எவலூஷன்' என்பதற்குக் கூர்ப்பா பரிணாமமா என்ற பழைய வழக்கை இந்த முறை எடுக்க வேண்டாம். 'பருத்தல்–மெலிதல்' என்ற இந்த ஒரு சோடியை மட்டும் முதலில் முடித்துக்கொள்வோம்.

அன்புடன்,
பண்டாரவளையிலிருந்து