சொந்த சர்வரில் வலைப்பதிவு: எல்லாம் சரியாக இருந்தும் வாசகர் வருவதில்லை, உதவி தேவை

தோட்டத்துக்காரர்
வணக்கம். இலவசத் தளத்தில் ஆறு ஆண்டுகளாக எழுதி வந்த வலைப்பதிவை ஆடி மாதத்தில் சொந்தமாக டொமைன் என்னும் தளப்பெயர் வாங்கி வேர்ட்பிரஸ் மென்பொருளுக்கு மாற்றினேன். காபி, மிளகு, மலைவாழை பற்றி நாற்பது கட்டுரைகள் இருக்கின்றன. பழைய இடத்தில் நாளொன்றுக்கு நூறு பேராவது வந்து போவார்கள். இங்கே வருகைக் கணக்கு பத்தைத் தாண்டவில்லை. அதிலும் பாதி நானும் என் தங்கையும்தான். பூட்டுச் சின்னம் வருகிறது, தளம் வேகமாகத் திறக்கிறது, ஆனால் கூகுளில் தளத்தின் பெயரையே தேடினாலும் கிடைப்பதில்லை. பழம் பறிப்பு தொடங்குவதற்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும். விரைந்து சொல்லுங்கள்.

கூக்கால்வாசி
வேர்ட்பிரஸ் அமைப்புகளில் 'வாசிப்பு' என்ற பக்கத்தின் கடைசியில், தேடுபொறிகள் இத்தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று ஒரு கட்டம் இருக்கும். தளத்தைக் கட்டும்போது டிக் செய்துவிட்டு, பிறகு எடுக்க மறந்துபோவது பலரும் செய்யும் தவறு. 5.3 பதிப்பிலிருந்து அது ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் ஒளிந்திருக்கும் ஒரு வரியாகவே செயல்படுவதால், பார்த்தால் தெரியாது. முதலில் அதைப் பாருங்கள்.

செம்பகனூர்
தளம் எங்கே இருக்கிறது, எந்த நிறுவனத்தின் சர்வர், தளத்தின் நிலையைக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் சேர்த்தீர்களா, பக்கங்களின் பட்டியலான சைட்மேப் கொடுத்தீர்களா என்று எதையும் நீங்கள் சொல்லவில்லை. வேர்ட்பிரஸ் 5.5 முதல் சைட்மேப்பைத் தானே உருவாக்கிவிடுகிறது. அதன் முகவரியைக் கன்சோலில் கொடுத்துவிட்டு, என்ன நிலை காட்டுகிறது என்று எழுதுங்கள்.

சர்வர் வாத்தியார்
இதே கேள்வி மாதம் மூன்று முறை வருகிறது, மூன்று முறையும் விடை ஒன்றுதான். தம்பி, பழைய இலவசத் தளத்தை அப்படியே விட்டுவைத்திருப்பீர்கள். ஒரே கட்டுரை இரண்டு இடங்களில் இருந்தால் தேடுபொறி ஒன்றைத்தான் தேர்ந்து காட்டும், அது பழையதாகவே இருக்கலாம். இந்த அடிப்படையைப் படித்துவிட்டுச் சொந்த சர்வருக்குப் போயிருக்கலாம்.

தோட்டத்துக்காரர்
அந்தக் கட்டத்தில் டிக் இல்லை. பழைய தளத்தை ஆவணியிலேயே மூடிவிட்டேன். சைட்மேப்பை இன்று கொடுத்தேன், 'பெற இயலவில்லை' என்று சிவப்பில் வருகிறது. சர்வர் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. மைத்துனர் மகன் பழைய மடிக்கணினியில் உபுண்டு இயங்குதளம் போட்டு அமைத்துக் கொடுத்தான். இது முக்கியமா என்று தெரியவில்லை. சர்வர் வாத்தியார் ஐயாவுக்கு: எனக்கு ஐம்பத்தெட்டு வயது.

கோத்தகிரி ராந்தல்
முக்கியமா என்றா கேட்கிறீர்கள்! முழு இழையும் அதில்தான் இருக்கிறது. இணையத்தில் ஒவ்வோர் இணைப்பையும் அடையாளம் காட்டும் ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துபோனதால், பல இணைய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. அதற்கு சிஜிநாட் என்று பெயர். உங்கள் வீட்டிலிருந்து வெளியே போகலாம், ஆனால் வெளியிலிருந்து உங்கள் வீட்டைத் தேடி வருகிறவருக்கு எந்த வீடு என்று சொல்ல ஆளில்லை. ஒரே தபால்பெட்டியைத் தோட்டத்து லயன் வீட்டு வரிசை முழுவதும் பயன்படுத்துவதைப் போன்றது. கோத்தகிரியில் நான் இப்படி ஆறு மாதம் வீணாக்கினேன். கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, சிம் கார்டின் டேட்டாவில் உங்கள் தளத்தைத் திறந்து பாருங்கள், திறக்காது.

தோட்டத்துக்காரர்
அணைத்துவிட்டுப் பார்த்தேன். திறக்கிறது. மதுரையில் இருக்கும் தங்கையின் கைப்பேசியிலும் திறக்கிறது.

சர்வர் வாத்தியார்
சிஜிநாட் என்ற சொல்லைக் கற்றுக்கொண்டவர்களுக்கு எல்லாமே சிஜிநாட்டாகத் தெரியும். பூட்டுச் சின்னம் வருகிறது என்று முதல் பதிவிலேயே இருக்கிறதே! பூட்டு வருவதற்கான லெட்ஸ் என்கிரிப்ட் நிறுவனத்தின் சான்றிதழ் வாங்கியிருப்பார்கள். அது வழக்கமான முறையில் கிடைக்க வேண்டுமானால், அந்த நிறுவனம் வெளியிலிருந்து சர்வரின் வலைவாசலான 80ஆம் போர்ட்டுக்கு வந்து ஒரு கோப்பைப் படித்தாக வேண்டும். அந்தச் சான்றிதழ் 90 நாள்தான் செல்லும். ஆடியில் வாங்கியது இதற்குள் ஒரு முறையாவது புதுப்பிக்கப்பட்டிருக்கும். ஆகவே கதவு திறந்துதான் இருக்கிறது, சிக்கல் உள்ளடக்கத்தில் இருக்கிறது. கட்டுரைகளின் முகவரிகளைத் தமிழில் வைத்திருக்கிறீர்களா?

தோட்டத்துக்காரர்
ஆம், தமிழில்தான். தலைப்பைக் கொடுத்தால் வேர்ட்பிரஸ் தானாக வைத்துக்கொள்கிறது.

சர்வர் வாத்தியார்
அதுதான் காரணம். ஒரு தமிழ்க் குறி ('தா' என்றால் 'த'வும் காலும் என இரண்டு குறி) கணினியில் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் % சேர்த்து மூன்று எழுத்தாகிறது, ஆக ஒரு குறிக்கு ஒன்பது எழுத்து. வேர்ட்பிரஸ் முகவரித் துண்டுக்கு ஒதுக்கியிருப்பது 200 எழுத்துகள். 'தாண்டிக்குடி காபித் தோட்டத்தில் மிளகு வாடல்' என்று தலைப்பு வைத்தால் ஊர்ப்பெயரின் 12 குறிகள் மட்டுமே 108ஐத் தின்றுவிடும். முகவரி 'தாண்டிக்குடி-காபித்-தோட்' என்று வெட்டுப்பட்டு நிற்கும். அடுத்த கட்டுரையும் அதே சொற்களில் தொடங்கினால் வாலில் 2 என்று ஒட்டிக்கொள்ளும்.

கூக்கால்வாசி
வெட்டுப்படுவது உண்மை. ஆனால் அதற்காகத் தமிழ்க் கட்டுரைக்கு ஆங்கில முகவரி வைக்கச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். வாசகர் தமிழில் தேடுகிறார், தேடல் முடிவில் தமிழ் எழுத்தாகவே காட்டப்படுகிறது. தலைப்பு நீளமாக இருக்கட்டும், முகவரியை மட்டும் 'மிளகு-வாடல்' என்று கையால் சுருக்கினால் போதும்.

செம்பகனூர்
வாட்ஸ்அப்பில் பகிரும்போது அது ஒரு முழம் நீளத்துக்குச் சதவீதக் குறிகளாக விழும், வயதானவர்கள் வைரஸ் என்று பயந்து அழித்துவிடுவார்கள். எங்கள் வீட்டிலேயே நடந்தது.

கூக்கால்வாசி
அதற்கும் முகவரியைச் சுருக்குவதுதான் மருந்து, மொழியை மாற்றுவது அல்ல.

சர்வர் வாத்தியார்
உணர்ச்சியை விட்டுவிட்டு வருகைக் கணக்கைப் பாருங்கள் என்று எத்தனை முறை சொல்வது?

வெள்ளகவி நடை
நான் இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். முகவரி தமிழோ ஆங்கிலமோ, சைட்மேப்பை 'பெற இயலவில்லை' என்று கூகுள் சொல்கிறது என்பதை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். அது கட்டுரையைப் படித்துவிட்டு வேண்டாமென்று ஒதுக்கவில்லை, வாசலிலேயே நின்று திரும்பியிருக்கிறது. தோட்டத்துக்காரர் ஐயா, மூன்று விவரங்கள் வேண்டும். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரியாக எந்த எண் இருக்கிறது? டொமைன் கணக்கில் ஐபிவி4 முகவரியைக் காட்டும் ஏ பதிவு மட்டும் உள்ளதா, புதிய, நீண்ட முகவரி முறையான ஐபிவி6ஐக் காட்டும் நான்கு ஏ கொண்ட பதிவும் (AAAA) உள்ளதா? கைப்பேசி அல்லாத ஒரு கணினியில், வேறொருவரின் பிராட்பேண்டில், தளம் திறக்கிறதா?

தோட்டத்துக்காரர்
ரவுட்டரில் 100.78 என்று தொடங்குகிறது. டொமைன் கணக்கில் இரண்டு பதிவுகளும் உள்ளன. இரண்டையும் ஒரு நிரல் தானாகப் புதுப்பிக்கும்படி பையன் வைத்திருக்கிறான். வத்தலக்குண்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பரைத் திறக்கச் சொன்னேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் பிழை வந்ததாம்.

வெள்ளகவி நடை
அப்படியானால் கோத்தகிரி நண்பர் சொன்னது சரி, சர்வர் வாத்தியார் சொன்னதும் பாதி சரி. 100.64 முதல் 100.127 வரையிலான எண்கள் 2012இல் சிஜிநாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அதனால் ஐபிவி4 வழியே உங்கள் வீட்டுக்கு யாரும் வர முடியாது. ஆனால் அதே இணைப்பில் ஐபிவி6 முகவரியும் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அது பகிரப்படாத முகவரி, நான்கு ஏ பதிவு அதைத்தான் காட்டுகிறது. கைப்பேசி டேட்டாவில் ஐபிவி6 பரவலாக இருப்பதால் உங்களுக்கும் தங்கைக்கும் திறக்கிறது, ஜெராக்ஸ் கடையின் பழைய இணைப்பில் அது இல்லாததால் அங்கே திறக்கவில்லை. சான்றிதழ் கிடைத்ததும் இதனால்தான்: இரண்டு பதிவுகளும் இருந்தால் லெட்ஸ் என்கிரிப்ட் ஐபிவி6 கதவைத்தான் முதலில் தட்டும். கூகுள் ஐபிவி4 கதவைத் தட்டித் திரும்பியிருக்க வேண்டும். ஒரு கதவு திறந்திருந்ததால் இன்னொன்று சுவர் என்பது யார் கண்ணிலும் படவில்லை.

வழிகள் மூன்று. இணைய நிறுவனத்திடம் தனி ஐபிவி4 முகவரியை விலைக்குக் கேட்கலாம், தருவார்களென்றால். மாத வாடகைக்கு வெளியில் ஒரு சர்வர் எடுக்கலாம். அல்லது கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் டனல் போடலாம்: மடிக்கணினியே வெளியே போய் ஓர் இணைப்பைப் பிடித்துக்கொள்ளும், வாசகர்கள் அந்த இணைப்பு வழியாக உள்ளே வருவார்கள், ஆகவே சிஜிநாட் தடையாகாது. டனலுக்குப் போனால், தானாகப் புதுப்பிக்கும் அந்த நிரலை முதலில் நிறுத்திவிட்டு, ஏ, நான்கு ஏ ஆகிய பழைய பதிவுகள் இரண்டையும் அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பெயரில் ஏற்கெனவே பதிவு இருக்கிறது என்று அடம்பிடிக்கும். ஐபிவி6 வழியாகத் தளம் திறந்ததென்றால், வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் ரவுட்டரின் தீயரணை (ஃபயர்வால்) பெரும்பாலும் யாரோ தளர்த்தியிருப்பார்கள். டனல் வந்தபின் உள்வரும் கதவு எதுவும் தேவையில்லை, அதைத் திரும்ப மூடுங்கள்.

சர்வர் வாத்தியார்
ஐபிவி6 பதிவும் உண்டு என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். முகவரி நீளம் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை.

கோத்தகிரி ராந்தல்
வாடகை சர்வரே மேல் என்பது என் எண்ணம். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் பக்கம் மரம் விழுந்து மின்சாரம் போனால் எத்தனை நாள் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். மடிக்கணினிக்கு பேட்டரி உண்டு, ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் உண்டா?

(ஒன்பது நாள்களுக்குப் பின்)

தோட்டத்துக்காரர்
தாமதத்துக்கு மன்னிக்கவும், நான்கு நாள் மின்சாரம் இல்லை. பையன் வந்து டனல் போட்டுவிட்டான், தீயரணையையும் மூடிவிட்டான். ஜெராக்ஸ் கடையில் திறக்கிறது. சைட்மேப் பச்சையாகிவிட்டது, நாற்பதில் பதினொரு கட்டுரைகள் கூகுளில் வந்துவிட்டன. முகவரிகளைத் தமிழிலேயே சுருக்கி வைத்திருக்கிறேன். ரவுட்டருக்குச் சிறிய யூபிஎஸ் எதை வாங்கலாம் என்று தை மாதம் வந்து கேட்கிறேன், பழம் பறிப்பு தொடங்கிவிட்டது.