எஃப்-150 போதுமா, எஃப்-250 தான் வேண்டுமா?

டாலஸ்காரன்: பயன்படுத்திய ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 11,000 பவுண்டு இழுக்கும் என்கிறார் விற்பவர். நான் பார்த்திருக்கும் கேம்பர் டிரெய்லருக்கு (பின்னால் இழுத்துப்போய் உள்ளே தங்கும் வண்டி) சரக்கோடு சேர்த்து உச்ச வரம்பே 7,500 தான். வீட்டில் நால்வர், கோடையில் கொலராடோ போக ஆசை. தாராளமாகப் போதும் இல்லையா, இல்லை அதைவிடப் பெரிய எஃப்-250 தான் வேண்டுமா?

சாரல்: அந்த 11,000-ஐ விடுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று போட்டிருப்பார்கள். சன்ரூஃப், ஃபோர் வீல் டிரைவ் என்று சேரச் சேர அது குறையும். அதனால் நீங்கள் வாங்கப்போகும் அதே வண்டியில் பாருங்கள்.

டாலஸ்காரன்: போட்டோ கேட்டு வாங்கினேன். 1,480.

சாரல்: உதைக்கிறதே. இந்த வகை டிரெய்லரில் 10 முதல் 15 சதவீத எடை ஹிட்ச் (டிரக்கோடு டிரெய்லரைப் பூட்டும் இணைப்பு) வழியாக டிரக்கின் மேல் உட்காரும். 13 என்று வைத்தால் 975. பாரத்தைப் பகிர்ந்துவிடும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் ஒரு 100, நீங்கள் நால்வர் 600. மொத்தம் 1,675. சைக்கிள், ஜெனரேட்டர் எல்லாம் இன்னும் ஏற்றவே இல்லை.

கொங்கு வண்டி: பொறுங்கள் சாரல். உச்ச வரம்பு வரைக்கும் யார் ஏற்றுகிறார்கள்? அப்புறம், அந்த ஹிட்ச் எதற்கு இருக்கிறது? அதன் கம்பிகளை இறுக்கினால் பின் அச்சின் பாரம் கொஞ்சம் முன் அச்சுக்கும் கொஞ்சம் டிரெய்லர் அச்சுக்கும் போய்விடும். எப்போதோ ஊர் சுற்றுவதற்காக எஃப்-250 வாங்கி, தினமும் அதை காஸ்ட்கோ கடை பார்க்கிங்கில் திணிக்கச் சொல்கிறீர்களா?

சாரல்: முன் அச்சுக்குப் போனால் வண்டியை விட்டா போய்விட்டது அண்ணா? மொத்த எடையில் அதுவும் சேர்த்திதான். டிரெய்லர் பக்கம் போகும் கொஞ்சத்தை ஹிட்ச்சின் சொந்த எடையே தின்றுவிடும். உச்ச வரம்பு வரை யாரும் ஏற்றுவதில்லையா? டிரெய்லர் தொட்டியில் 40 காலன் தண்ணீர் மட்டுமே 330 பவுண்டுக்கு மேல்.

டீசல் பிரியன்: எதற்கு இந்தக் கூட்டல் கழித்தல்? எஃப்-250 டீசல் வாங்குங்கள், மலையேற்றத்தில் சுகம். இல்லையா, 150-க்கே பின்னால் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர் பேக் (காற்றடைத்த பை) போட்டுவிடுங்கள்.

கொங்கு வண்டி: ஏர் பேக் பின்பக்கத் தொங்கலைத்தான் சரிசெய்யும், வரம்பை உயர்த்தாது. இதில் நான் சாரல் கட்சி. டீசல் எஞ்சினும் சும்மா இல்லை, நல்ல கனம். பல எஃப்-250-களில் வண்டியும் ஏற்றுவதும் சேர்ந்த மொத்த எடை வரம்பு 10,000 தான். டீசலோடு பெரிய கேபினும் சேர்ந்தால் சிலவற்றில் ஸ்டிக்கர் எண் 2,000-ஐ ஒட்டி இறங்கிவிடும். வாங்கினால் பெட்ரோலில் வாங்குங்கள்.

டாலஸ்காரன்: டிரெய்லருக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. 5,500 வரம்பில் சின்னது ஒன்று இருக்கிறது. 715, 100, 600... 1,415 வருகிறது.

கொங்கு வண்டி: முடிந்தது. அதை எடுங்கள்.

சாரல்: மிச்சம் 65 பவுண்டு. ஐஸ் பெட்டி ஒன்று ஏற்றினாலே போச்சு.

கொங்கு வண்டி: ஐஸ் பெட்டியை டிரெய்லருக்குள், அச்சுக்கு நேர் மேலே வையுங்கள். கிளம்பும் நாளன்று டிரக் ஸ்டாப்பில் கேட் (CAT) ஸ்கேல் எடைமேடையில் ஏற்றுங்கள். முன் சக்கரம், பின் சக்கரம், டிரெய்லர் மூன்றுக்கும் தனித்தனியாக எடை போட்டுச் சீட்டு தருவார்கள். அதை இங்கே போடுங்கள், சாரலோடு மிச்சச் சண்டையை அப்போது வைத்துக்கொள்கிறேன்.