பணம், சொத்து விஷயத்தில் ஒரு பைபிள் வசனமும் இன்னொரு வசனமும் இடித்துக்கொண்ட அனுபவம் உண்டா?

பனங்காட்டான்:
அப்பாவை அடக்கம் பண்ணி மூன்று வாரம்கூட ஆகவில்லை, மனைப் பேச்சு வந்துவிட்டது. எனக்கும் பாதி வேண்டும் என்றேன். உடனே அண்ணன் அப்பாவின் பைபிளைப் பிரித்து, ‘பூமியிலே உங்களுக்குப் பொக்கிஷங்களைச் சேர்த்துவைக்கவேண்டாம்’ என்று மத்தேயு 6:19ஐ வாசித்தார். அவர் பெயரில் ஏற்கெனவே இரண்டு வீடு! கோபத்தில் பைபிளைப் பிடுங்கி நீதிமொழிகள் 13:22க்குப் போனேன். நல்லவன் தன் பேரப்பிள்ளைகளுக்குச் சுதந்தரம் வைத்துப்போகிறான் என்று வரும் அல்லவா, அது. ஆனால் வாசிக்க வாய் வரவில்லை. இரண்டு வசனத்துக்கும் ஒரே சிவப்புப் பென்சிலால் அப்பா கோடு போட்டிருந்தார். நீதிமொழிகள் ஓரத்தில் மனையின் சர்வே நம்பர் வேறு, பொடி எழுத்தில்.

ஓய்வுநாள்_டீச்சர்:
என்னை மடக்கியது ஆறாம் வகுப்புப் பையன். இயேசு ஊர் ஊராக அனுப்பிய சீஷர்கள் தடி எடுத்துப் போகலாமா, கூடாதா? மாற்கு 6:8இல் தடி மாத்திரம் எடுக்கலாம். மத்தேயு 10:10இல் தடியும் வேண்டாம். மத்தேயுவில் ‘தேடிவைக்கவும் வேண்டாம்’ என்றுதான் இருக்கிறது, கையில் இருப்பதை எடுத்துப் போகலாம் என்று சமாளித்தேன். பையன் விரலை வைத்துக்கொண்டு தயாராக இருந்தான்: “டீச்சர், லூக்கா 9:3?” அங்கே எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம் என்று இருக்கிறது. மணி அடித்துக் காப்பாற்றியது.

கடைசி_பெஞ்ச்:
புத்தாண்டு ஆராதனையில் வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வசனம் போட்டுத் தரும் வாக்குத்தத்த அட்டையில் எனக்கு வந்தது, ‘கர்த்தரின் ஆசீர்வாதமே ஐசுவரியத்தைத் தரும்’. மார்ச்சில் வேலை போயிற்று. ‘தரித்திரராகிய நீங்கள் பாக்கியவான்கள்’ என்று லூக்கா 6:20 சொல்கிறதே, அதை ஒரு அட்டையிலும் நான் பார்த்ததில்லை.

மூப்பர்:
தம்பிமாரே, இதில் முரண்பாடே கிடையாது. லூக்கா 18இல் இயேசு ஒரு ஐசுவரியவானிடம் எல்லாவற்றையும் விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்றார். அடுத்த அதிகாரத்தில் சகேயு என்ற பணக்கார வரி வசூல்காரன் ஆஸ்தியில் பாதிதான் தருகிறேன் என்றான். அவன் வீட்டுக்கும் இரட்சிப்பு வந்தது. ஆளுக்குத் தக்க மருந்து. நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்துவைத்த அனனியாவிடம் பேதுரு என்ன கேட்டார்? விற்குமுன்னே அது உன்னுடையதாயிருக்கவில்லையோ என்றார். சொத்து வைத்திருந்ததற்காக அவன் சாகவில்லை, பொய் சொன்னதற்காகச் செத்தான்.

பனங்காட்டான் தம்பிக்கு ஒன்று. வாய்ப்பேச்சாகப் பிரிக்காதீர்கள். முதலில் வில்லங்கச் சான்று எடுங்கள், பட்டா யார் பெயரில் என்று பாருங்கள். உயில் இல்லையென்றால் கிறிஸ்தவர்களான நமக்கு 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். அம்மா இருந்தால் அவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகன் மகள் வித்தியாசம் இல்லை. பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு பண்ணிவிடுங்கள். அண்ணன் தம்பி என்று விட்டுவிட்டு அப்புறம் கோர்ட்டுக்கு அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடைசி_பெஞ்ச்:
மூப்பரே, ஆளுக்குத் தக்க மருந்து, சரி. வசதியான ஆளுக்கு எப்போதும் சகேயு மருந்தையே எழுதித் தருகிறார்களே, அது எப்படி?

பனங்காட்டான்:
நான் சட்டம் கேட்கவில்லை ஐயா. ஆனாலும் ‘மகன் மகள் வித்தியாசம் இல்லை’ என்று வாசித்ததும் திக்கென்றது. அன்றைக்கு அக்கா அடுப்படியில் எங்கள் எல்லாருக்கும் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். பாதி பாதி என்று நாங்கள் இரண்டு பேரும் கத்தியது அவளுக்கும் கேட்டிருக்கும். கிளம்பும்போது பைபிளை மட்டும் நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு வாங்கிப் போனாள்.