புதுப்பிப்பு: வீட்டு சர்வர் விழுந்தால் தகவல் சொல்லும் ஏற்பாடு

சர்வரைக் கண்காணிக்கும் மென்பொருளை அதே சர்வரிலேயே வைக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வேண்டாம் என்றவர்கள் சொன்னதே சரி. மின்சாரம் போனால் இரண்டும் சேர்ந்தே படுத்துவிடும், எச்சரிக்கை அனுப்ப ஆள் இருக்காது. அதனால் அப்டைம் கூமா என்ற கண்காணிப்பு மென்பொருளை வெளியே ஒரு சிறிய விபிஎஸ்ஸில் (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்) டாக்கர் (மென்பொருளைத் தனிப் பெட்டிபோல் ஓடவைக்கும் கருவி) வழியாக ஓடவிட்டிருக்கிறேன்.

60 விநாடிக்கு ஒருமுறை சோதனை, பதில் வராவிட்டால் 3 முறை மறுமுயற்சி. இணையம் ஒரு கணம் விட்டுவிட்டு வந்ததற்கெல்லாம் போன் அலறுவதில்லை. ஆனால் வெப் சர்வரிடமிருந்து 200 (கோரிக்கை வெற்றி என்று பொருள்படும் குறியீடு) பதில் வந்தாலே எல்லாம் நலம் என்று நம்பிவிடாதீர்கள். டேட்டாபேஸ் செத்துக் கிடந்தாலும் வெப் சர்வர் 200 கொடுக்கக்கூடும். பக்கத்தில் குறிப்பிட்ட ஒரு சொல் இருக்கிறதா என்று பார்க்கும் கீவேர்ட் சோதனையையே போடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது புஷ் வகை சோதனை. இதில் கூமா போய்ப் பார்க்காது, நம் பக்கமிருந்து தகவல் வருகிறதா என்று காத்திருக்கும். பேக்கப் ஸ்கிரிப்ட் பிழையில்லாமல் முடிந்தால் மட்டும், கடைசி வரியில் இருக்கும் கர்ல் கட்டளை (இணைய முகவரியை அழைக்கும் கட்டளை) கூமா கொடுத்த முகவரியைத் தட்டும். குறித்த நேரத்துக்குள் தட்டாவிட்டால் டெலிகிராமில் செய்தி வந்துவிடும். பேக்கப் சத்தமில்லாமல் நின்றுபோவதைப் பிடிக்க இதைவிட எளிய வழி இல்லை.

அப்புறம், தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் (HTTPS) காலாவதி அறிவிப்பையும் இயக்கிவிட்டேன். விபிஎஸ்ஸே விழுந்தால் என்ன என்று கேட்டவருக்கு: அதை வீட்டு சர்வரிலிருந்து ஒரு கிரான் வேலை (குறித்த நேரங்களில் தானாக ஓடும் பணி) பார்த்துக்கொள்கிறது.